தூக்கின கரண்டிய உதறாதீங்கய்யா!

சிக்கன் கரண்டிய உதறுறாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, என் கண்ணு முன்னாடியே, எனக்குன்னு எடுத்ததைத் திரும்பக் கொட்டுறாங்க. இன்னிக்கு மத்தியானம் நடந்தது. இருட்டிப் போச்சு, எனக்கு இன்னும் ஆறல.

உங்களுக்கும் நடந்திருக்கும். சாதம், பீன்ஸ், கறின்னு எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல போட்டுத் தர்ற அந்த பௌலை வாங்கித் தின்ன அத்தனை பேருக்கும் நடந்திருக்கும். ஆனாலும் முழுசாச் சொல்லித்தான் தீருவேன்.

பன்னிரண்டரை மணி. டெக்சாஸ்ல, டாலஸ் பக்கத்து இர்விங்ல அந்த வட்டாரத்து ஆஃபீஸ் கூட்டம் மொத்தமும் அங்கதான், வரிசை கதவு வரைக்கும். கடை பேரு வேண்டாம், இப்படி வரிசை கட்டி விக்கிற மெக்சிகன் சாப்பாட்டுச் சங்கிலிக் கடைகள்ல ஒண்ணு. என் முறை வந்துச்சு. பௌல், கொத்தமல்லி சாதம், கறுப்பு பீன்ஸ், சிக்கன். சாதத்துக்குக் கை தாராளம், ஓரம் வரைக்கும் பரப்பியாச்சு. அரிசி மலிவு, அதுல யாருக்கு என்ன கவலை? பீன்ஸைத் தண்ணி வடிச்சுப் போட்டாங்க. சரி. அடுத்தது சிக்கன்.

கரண்டி உள்ள போச்சு. நிறைஞ்சு மேல வந்துச்சு. ஓரம் கருகின நல்ல நல்ல துண்டு. அப்படியே கவுத்திருந்தா எனக்கு இங்க எழுத ஒண்ணுமே இல்ல. அந்தப் பொண்ணு கரண்டிய அந்தரத்துல நிறுத்தி ஒரு உதறு உதறிச்சு. மூணு துண்டு விழுந்துச்சு. மிச்சத்தை உத்துப் பார்த்துச்சு. இன்னும் அதிகம்னு தோணிச்சோ என்னவோ, இன்னொரு உதறு. ரெண்டு துண்டு போச்சு. ஓரத்துல ஒரே ஒரு துண்டு, விழலாமா வேண்டாமான்னு தொங்கிட்டிருந்துச்சு. கையுறை போட்ட விரலால அதையும் தட்டி உள்ள தள்ளிச்சு! ஒத்தைத் துண்டு! அது எனக்கு வந்திருந்தா அந்தக் கம்பெனி மூழ்கியிருக்குமா?

"கொஞ்சம் கூட வைக்க முடியுமா?"ன்னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன்.

"டபுள் மீட்டா? அதுக்குத் தனி காசு."

எனக்கு ரெண்டு பங்கு வேண்டாம்மா. நான் காசு கொடுக்கிற ஒரு பங்கு முழுசா வேணும். அதைக் கேட்டா ரெண்டு பங்குக் கணக்கு சொன்னா எப்படி? பின்னாடி நிக்கிறவங்க, ஓசிக்கு அடி போடுறான்னு என்னையே பார்க்குறாங்க. அந்தப் பார்வைக்குப் பயந்துதான நாம எல்லாரும் வாயை மூடிட்டு அடுத்த தட்டுக்கு நகர்றோம். அது அவங்களுக்கும் நல்லாத் தெரியும்.

சிக்கன் விழாத இடம் மொத்தத்தையும் லெட்டூஸ் அள்ளி மூடியாச்சு. அதுக்கு உதறல் கிடையாது. மூடி அமுங்காத அளவுக்கு இலை.

இதுக்கப்புறம் நடந்ததுதான் என்னைக் கொதிக்க வெச்சுது. எனக்கு அடுத்து நின்னவன் ஃபோனைத் தூக்கிக் கேமராவைக் கரண்டிக்கு நேராப் பிடிச்சான். அதே பொண்ணு, அதே கரண்டி, அதே தட்டு. நிறைய அள்ளி அப்படியே கவுத்துச்சு. அப்போ முழுக் கரண்டி போடத் தெரியுது! எவனுக்குப் போடணும்னு கணக்கு வெச்சிருக்காங்க.

2024ல சிப்போட்லேங்கிற பெரிய மெக்சிகன் சங்கிலிக் கடைகள்ல இதே கூத்து. ஜனங்க ஃபோனும் கையுமா போய் நின்னாங்க. அளவைக் குறைக்கலன்னுதான் கம்பெனி சாதிச்சுது. அப்போ தலைமையில இருந்த பிரையன் நிக்கோல், கூட வேணும்னா பரிமாறுறவங்களைப் பார்த்து ஒரு பார்வை பாருங்கன்னு பேட்டியில செஞ்சே காட்டினாரு. காசு கொடுத்துச் சாப்பிடுறவன் கண்ணால கெஞ்சணுமாம்! அப்புறம் வால் ஸ்ட்ரீட்ல ஒரு ஆய்வுக் குழு நியூயார்க்ல 75 பௌல் வாங்கித் தராசுல வெச்சுப் பார்த்தாங்க. ஒரே ஆர்டர், ஆனா கடைக்குக் கடை எடை எங்கயோ இருந்துச்சு. அதுக்கப்புறம் ஜூலை மாசம், பத்துல ஒரு கடைக்காவது மறுபடி சொல்லிக் கொடுக்கணும்னு அவரே ஒத்துக்கிட்டாரு. பார்வை பத்தல, தராசு வந்துச்சு, உண்மையும் வந்துச்சு.

தராசுதான்யா வேணும்! சிப்போட்லேல ஒரு கரண்டி மாமிசம்னா நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். சரி, அதை நிறுத்துப் போடுங்க. சூப்பர் மார்க்கெட்ல நூறு கிராம் சீஸ் நறுக்கினாக்கூட எடை காட்டுறான். பெட்ரோல் பம்ப் சரியா அளக்குதான்னு மாநிலமே ஆள் விட்டுப் பார்க்குது. பதினாலு டாலர் வாங்குற கடையில மட்டும் அளவு ஒருத்தரோட மணிக்கட்டுல இருக்கணுமா?

அந்தப் பொண்ணைச் சொல்லி என்ன பிரயோஜனம், மேனேஜர் கணக்கு கேப்பான், மேனேஜரை மேல இருக்கிறவன் கேப்பான்னு நீங்க சொல்வீங்க. தெரியும். ஒத்தைத் துண்டை விரலால தள்ளச் சொல்லி எந்த மேனேஜர் சொன்னான்? நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில இலைக்கு மேல கரண்டிய ஒரு தடவை இப்படி உதறிப் பார்க்கட்டும், சம்பந்தி சண்டை பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

இத்தனைக்கும் இந்த வரிசை முறை வந்ததே கண்ணால பார்த்து வாங்கத்தான். சான் ஃபிரான்சிஸ்கோ மிஷன் பகுதி டக்கேரியாக்கள்ல, அதாவது டாக்கோ கடைகள்ல, இதைப் பார்த்துட்டுத்தான் ஸ்டீவ் எல்ஸ் 1993ல டென்வர்ல முதல் சிப்போட்லேயைத் திறந்தாரு. மத்தவங்களும் அதே வழியில வந்தாங்க. அது வேணும், இது வேண்டாம்னு கை காட்டத்தான் அந்தக் கண்ணாடி. இன்னிக்கு அதே கண்ணாடி வழியா என் சாப்பாடு திரும்பப் போறதை நான் நின்னு பார்க்குறேன். டாலஸ்ல ஃப்யூயல் சிட்டின்னு ஒரு பெட்ரோல் பங்க்கு இருக்கு. அங்க நடு ராத்திரியில டாக்கோ வாங்கினாலும் சோளத் தோசை கிழியுற அளவுக்கு மாமிசத்தை வெச்சு, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தர்றாங்க. ஒரு உதறல் கிடையாது.

கடைசியா கல்லாவுக்கு வந்தேன். ஐபேடைத் திருப்பி என் மூஞ்சிக்கு நேரா வெச்சாங்க. டிப்ஸ் 18, 20, 25 சதவீதம். எதுக்கு? உதறினதுக்கா? மேசைக்கு வந்து பரிமாறுறவங்களுக்கு டெக்சாஸ்ல இன்னிக்கும் முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தா சட்டப்படி போதும், மீதிய டிப்ஸ்ல பார்த்துக்கணும். அந்த அநியாயம் தெரிஞ்சுதான் அங்க உக்காந்து சாப்பிட்டா 20 சதவீதத்துக்குக் குறையாம வைக்கிறேன். இங்க தட்டை நானே தூக்கினேன், மேசையை நானே துடைச்சேன், கோக்கை நானே பிடிச்சேன், குப்பையையும் நானே போட்டேன். வாய்ல ஒரு பருக்கை போறதுக்கு முன்னாடியே டிப்ஸ் கேக்குறீங்க!

குப்பைன்னதும் ஞாபகம் வருது. எங்க அபார்ட்மென்ட்ல வேலட் ட்ராஷ்னு, கதவுக்கு வெளிய வைக்கிற குப்பையை ஆள் வந்து எடுத்துட்டுப் போற ஏற்பாடு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்களே, அதை யாருய்யா கேட்டா? மாசம் முப்பது டாலர், வாடகையோட கட்டாயமாப் பிடிச்சுக்கிறாங்க. வேண்டாம்னு சொல்ல வழியே கிடையாது. பெரிய குப்பைத் தொட்டி படிக்கட்டு இறங்கினா இருக்கு, நான் நடந்து போய்ப் போட்டுக்கிறேன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. ஆறுலேருந்து எட்டு மணிக்குள்ள பையைக் கதவுக்கு வெளிய வைக்கணும், முன்னாடி வெச்சா அபராதம். இவ்வளவும் வாங்கிட்டு வெள்ளி, சனி எடுக்க மாட்டாங்களாம். சனிக்கிழமை காலையிலதான்யா நாம மீனே வாங்குறோம்!