காலக்கோட்டில் இடைவெளி தெரிகிறதா?

"டைம்லைன் போட எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்கும்?" வரலாறு எடுக்கும் நண்பர்களில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறையாவது இன்பாக்ஸில் வந்து இதைக் கேட்டுவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் உலகப்போர்களுக்கு ஒரு காலக்கோடு செய்தேன். ஆன்லைனில் கிடைத்த டெம்ப்ளேட், பார்க்க அத்தனை அழகு. 1914, 1918, 1939, 1941, 1945 என்று ஐந்து வட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம். ப்ரொஜெக்டரில் போட்டதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "முதல் போர் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே அடுத்தது வந்துருச்சா சார்?"

திரும்பித் திரையைப் பார்த்தேன். 1918-க்கும் 1939-க்கும் நடுவே எவ்வளவு இடமோ, 1939-க்கும் 1941-க்கும் நடுவே அதே இடம். 21 வருடமும் 2 வருடமும் ஒரே அளவு. அந்தப் பெண் படம் சொன்னதை அப்படியே படித்திருக்கிறாள். பொய் சொன்னது என் படம். 1918-ல் பிறந்த குழந்தை 1939-ல் துப்பாக்கி தூக்கும் வயதுக்கு வந்திருந்தது. பாடமே அந்த இடைவெளியில்தான் இருந்தது, அதை ஒரு டெம்ப்ளேட் சுருட்டி விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி இதுதான்: இந்த சாஃப்ட்வேர் காலத்தை அளந்து வைக்கிறதா, இல்லை மணி கோப்பதுபோல வரிசையாகக் கோக்கிறதா?

பிரபலமானவற்றில் பாதிக்குமேல் மணி கோக்கிற ரகம். கேன்வாவில் கிடைக்கும் டைம்லைன் டெம்ப்ளேட்கள், பேட்லெட்டில் உள்ள டைம்லைன் வடிவம், மேலிருந்து கீழே ஸ்க்ரோல் ஆகும் சுடோரி எல்லாமே சம்பவங்களை முன்பின்னாக அடுக்கித் தருகின்றன. ஆண்டுக்கணக்கு உங்கள் பொறுப்பு. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஒரு போராட்டத்தின் ஏழு நாட்களைக் கதையாகச் சொல்ல அவை போதும், மாணவர்கள் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டும் விடுவார்கள். ஆனால் அதைக் காலக்கோடு என்று சொல்லாதீர்கள். அது தேதி ஒட்டிய பட்டியல்.

அளந்து வைப்பது புதிய யோசனையும் அல்ல. ஜோசப் ப்ரீஸ்ட்லி என்ற பெயர் அறிவியல் புத்தகத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வரும். அதே மனிதர் வரலாற்று வகுப்பும் எடுத்தவர். 1765-ல் ஏறத்தாழ 2,000 பேரின் வாழ்நாளை ஒரே தாளில், ஒரே அளவுகோலில், கோடு கோடாக வரைந்து வெளியிட்டார். யார் யாரோடு ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள், யார் போன பிறகு யார் வந்தார்கள் என்பது ஒரு பார்வையில் தெரியும். 1769-ல் பேரரசுகளுக்கும் அதேபோல ஒன்று போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்ததை, மாதச் சந்தா கேட்கும் மென்பொருள் செய்யவில்லை என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ப்ரீஸ்ட்லியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட இரண்டாவது விஷயம், புள்ளிக்குப் பதில் கோடு. போர் தொடங்கிய நாள் ஒரு புள்ளி. பஞ்சம், ஆட்சி, ஒரு மனிதரின் ஆயுள் இவையெல்லாம் நீளம் உள்ளவை. நீளத்தை வரையத் தெரியாத கருவி தொடக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். நீளம் வந்தால் அடுத்து அடுக்கு வேண்டும்: அரசியலுக்கு ஒரு வரி, அறிவியலுக்கு ஒரு வரி, இந்தக் கண்டத்துக்கு ஒன்று, அந்தக் கண்டத்துக்கு ஒன்று.

1025-ஐ ஒட்டிய வருடங்களை வைத்து ஒரு வகுப்பு எடுத்தேன். ஒரு வரியில் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. அடுத்த வரியில் கஜினி மஹ்மூத் சோமநாதபுரத்தை நோக்கிக் கிளம்புகிறார். சீனத்தில் சோங் வம்சம். இங்கிலாந்தில் டென்மார்க்காரர் கனூட் அரசர். கொஞ்சம் முன்னால், 1021-ல், அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அறிஞர்கள் வரியில் இப்னு சீனா, 980 முதல் 1037 வரை. அவருக்கு மேலே அல்பெரூனியின் கோடு 973-ல் தொடங்குகிறது. மஹ்மூதின் கோடு 971 முதல் 1030 வரை. ஒரு பையன் முன்னால் வந்து, அல்பெரூனி, மஹ்மூத் இருவரின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஓடும் இடத்தில் விரலை வைத்து, "இவங்க ரெண்டு பேரும் பாத்திருப்பாங்களா சார்?" என்றான். பார்த்திருக்கிறார்கள் தம்பி. 1017-ல் மஹ்மூத்தான் அல்பெரூனியைக் கஜினிக்குக் கொண்டுபோனார். பாடப்புத்தகத்தில் ஒருவர் படையெடுப்புப் பாடத்தில் வருவார், இன்னொருவர் பயணிகள் பாடத்தில் வருவார். நடுவில் நாற்பது பக்கம். அந்தக் கேள்வி கோட்டிலிருந்து வந்தது, என் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அது போதும்.

இந்த மாதிரி அடுக்கு வேண்டுமென்றால் ப்ரெசிடன், டிக்கி-டோக்கி இரண்டையும் பாருங்கள். டிக்கி-டோக்கி முப்பரிமாணத்திலும் காட்டும். முதல் நாள் மாணவர்கள் வாய் பிளப்பார்கள், இரண்டாம் நாள் தலை சுற்றுகிறது என்பார்கள். அதை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது 'சுமார்'. வரலாற்றில் பாதி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சொல் நிற்கும், மென்பொருளுக்கோ இந்தச் சொல் ஆகவே ஆகாது. புத்தர் மறைந்தது எப்போது? தேரவாத மரபுப்படி கி.மு. 544. ஆய்வாளர்களில் சிலர் கி.மு. 483-ஐ ஒட்டி என்பார்கள், வேறு சிலர் கி.மு. 400 வாக்கில் என்பார்கள். நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இழுபறி. அதை ஒரு கட்டத்தில் ஒரே எண்ணாக அடித்து வைத்தால், பிள்ளைகள் மனதில் அது பிறந்தநாள் தேதிபோல உறைந்துவிடும். ப்ரீஸ்ட்லி, உறுதியாகத் தெரிந்த ஆயுளுக்கு முழுக்கோடும் தெரியாத இடத்துக்குப் புள்ளிகளும் போட்டார். 250 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் புள்ளிகளை முறையாகப் போட்டுத் தரும் கருவி கிடைப்பது குதிரைக்கொம்பு. விக்கிப்பீடியாவின் கூட்டாளித் தரவுத்தளமான விக்கிடேட்டா மட்டும் தேதியோடு அதன் துல்லியத்தையும், அதாவது நாளா, ஆண்டா, நூற்றாண்டா என்பதையும், சேர்த்தே சேமிக்கிறது. அதன் தரவை வைத்துக் காலக்கோடு காட்டும் ஹிஸ்ட்ரோபீடியா ஆயிரக்கணக்கான சம்பவங்களைத் துழாவிப் பார்க்க நல்லது. உட்கார்ந்து ஒரு பாடத்தைக் கட்டுவதற்கு எனக்கு அது ஒத்துவரவில்லை.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது டைம்லைன்ஜேஎஸ். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்தது, இலவசம். கூகுள் ஷீட்டில் ஆண்டு, தலைப்பு, விவரம், படத்தின் லிங்க் என்று நிரப்பினால் அதுவே கோட்டை வரைந்துவிடும். ஆண்டு கட்டத்தில் எண் மட்டும்தான் போடலாம், கி.மு.வுக்கு மைனஸ். ஆனால் திரையில் தெரியவேண்டிய தேதிக்குத் தனியாக ஒரு கட்டம் உண்டு. அங்கே 'சுமார் கி.மு. 5ஆம் நூற்றாண்டு' என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் கண்ணுக்கு அதுதான் தெரியும். என் 'சுமார்' பிரச்சினைக்கு இப்போதைக்கு இதுதான் ஒட்டுப்போட்ட தீர்வு. 20 ஸ்லைடுக்கு மேல் போகாதீர்கள் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள், சரியான அறிவுரை. அதிலும் ஒரு குறை உண்டு. கீழே ஓடும் பட்டை ஆண்டுக்கணக்கில் சரியாக அளந்திருக்கும். மேலே பெரிய ஸ்லைடு. அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் போகும்போது பழைய மணிகோர்வை திரும்ப வந்துவிடுகிறது. அதனால் நான் ஸ்லைடை நகர்த்துவதற்கு முன், "கீழ பட்டையைப் பாருங்க, எவ்வளவு தூரம் தாண்டப்போறோம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுகிறேன்.

புதிதாக எந்தக் கருவி கையில் வந்தாலும் அதில் நான் முதலில் ஏற்றுவது ரோமப் பேரரசர் அகஸ்டஸை. பிறப்பு கி.மு. 63 செப்டம்பர், இறப்பு கி.பி. 14 ஆகஸ்ட். எத்தனை வயது என்று கருவியையே கேட்பேன். 77 என்று சொன்னால் அது வெறுமனே 63-ஐயும் 14-ஐயும் கூட்டியிருக்கிறது. கி.மு. 1-க்கு அடுத்தது நேராக கி.பி. 1, நடுவில் பூஜ்ஜியம் என்ற ஆண்டு கிடையாது. அதனால் ஒன்று குறையும். அதோடு, 76-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, 75 வயதில் இறந்தார். ஓரிரு வருடப் பிசகினால் குடி முழுகிப்போகாதுதான். ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடிக்கும் வேலையை மாணவர்களிடமே கொடுத்துப் பாருங்கள், ஒரு பீரியட் முழுக்கச் சண்டை நடக்கும். எக்செல் இன்னும் வேடிக்கை: 1900 ஜனவரி 1-க்கு முந்தைய தேதியைத் தேதி என்றே ஏற்காது, வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அதனால் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7 என்று ஏற்றுவதா, பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 25 என்று ஏற்றுவதா என்பதையும் நீங்களே முடிவுசெய்து, குறிப்புக் கட்டத்தில் எழுதி வையுங்கள். கருவி உங்களைக் கேட்காது.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு சோதனை. 'போர்க்கப்பல் மோதியது' என்று அடித்து, பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். திரையில் ஒழுங்காக இருந்த கொம்பும் காலும் பிடிஎஃப்பில் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். முப்பது பிரதி எடுத்த பிறகு தெரிந்தால் அழுகை வரும்.

இப்போது வயிற்றெரிச்சல் பகுதி. ஒரு இணையச் சேவையில், பெயர் வேண்டாம், மூன்று வருடமாகப் பதினான்கு காலக்கோடு செய்து வைத்திருந்தேன். எக்ஸ்போர்ட் பட்டன் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. சேவையை நிறுத்துகிறோம் என்ற மின்னஞ்சல் நான் திறக்காத பழைய ஐடிக்குப் போயிருந்தது. ஒரு காலை வகுப்பில் லிங்கைத் தட்டினேன், வெள்ளைத் திரை. பதினான்கில் ஒன்று மட்டும் மிஞ்சியது, அதுவும் ஒரு மாணவி தேர்வுக்காக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால். இது எனக்கு மட்டும் நடந்ததும் அல்ல. பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுத்தியபோது, அதை நம்பிச் செய்த எத்தனையோ பாடங்கள் ஒரே நாளில் அநாதையாயின.

அதனால் இப்போது என் காலக்கோடு என்பது ஷீட்தான். தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, எவ்வளவு உறுதி, எந்த அடுக்கு, தலைப்பு, எங்கிருந்து எடுத்தேன் என்று ஆறு கட்டம். சிஎஸ்வி ஆக, அதாவது எந்த ஷீட் மென்பொருளும் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பாக, ஒரு பிரதி என் கணினியில் தூங்கும். மேலே எந்தச் சட்டை மாட்டினாலும் உள்ளே ஆள் பத்திரம். இந்த 'எங்கிருந்து எடுத்தேன்' கட்டத்தை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய பிறகு, ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டும் வேலை பாதியாகக் குறைந்தது. ஒரு எச்சரிக்கை: டைம்லைன்ஜேஎஸ்ஸுக்குக் கொடுக்க ஷீட்டை வெளியுலகுக்கு பப்ளிஷ் செய்தாக வேண்டும். யார் எந்த வரியை நிரப்பினார்கள் என்று பிள்ளைகள் பெயரை அதில் போட்டுவிடாதீர்கள்.

சரி, ஒன்றுமே வேண்டாம், நெட்டும் இல்லை என்கிறீர்களா? காகித உருளை வாங்குங்கள். கேலி செய்யவில்லை. 1753-ல் பிரான்ஸில் பார்பு-டூபூர்க் என்பவர் 54 அடி நீளக் காலக்கோட்டை ஒரு பெட்டிக்குள் சுருட்டி, கைப்பிடி வைத்துச் சுழற்றிப் பார்க்கும்படி செய்தார். ஸ்க்ரோல் என்றால் அதுதான் ஸ்க்ரோல். போன வருடம் நாங்கள் 1 செ.மீ.க்கு 100 வருடம் என்று வைத்துக்கொண்டு வராண்டாவில் விரித்தோம். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 வருடம், அது அரை மீட்டரில் முடிந்துவிட்டது. படித்த மன்னர்கள், போர்கள், புரட்சிகள் அத்தனையும் அதற்குள்தான். நம் மனித இனம் தோன்றிய 3 லட்சம் வருடத்துக்கு 30 மீட்டர் வேண்டும். வராண்டா தீர்ந்து, படிக்கட்டில் இறங்கி, மைதானத்துக்கே போய்விட்டார்கள். பூமி தோன்றியதை எங்கே ஒட்டுவது என்று ஒருவன் கையில் டேப்போடு வந்து நின்றான். தரையிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினேன். 454 கிலோமீட்டர்.

"பஸ்ல போய்தான் ஒட்டணும் சார்" என்றான்.