மெயில் பார்க்கும் லாகினில் அட்மின் உரிமை வேண்டாம்

பல்கலைக்கழக விண்டோஸ் கணினியில் "எனக்கு அட்மின் வேணும்" (கணினியில் எதையும் நிறுவ, மாற்ற உரிமை) என்று ஒரு பேராசிரியர் கேட்டால், பல இடங்களில் நடப்பது இரண்டில் ஒன்று. அவர் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். இல்லையென்றால் டிக்கெட் போடச் சொல்லி வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். இரண்டுமே தப்பு. தேவைப்படுபவருக்கு உரிமை கிடைக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் தினமும் மெயில் பார்க்கும் லாகினில் அது இருக்கவே கூடாது.

மெயிலில் வந்த எக்செல் கோப்பில் கெட்ட மேக்ரோ (கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு நிரல்) இருந்தால், அது திறந்தவரின் உரிமையோடுதான் ஓடும். அவர் அட்மின் என்றால் ஆன்டிவைரஸை நிறுத்தலாம், மெமரியில் இருக்கும் பாஸ்வேர்டு ஹாஷ்களை (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) அள்ளலாம். "இந்த மாற்றத்தை அனுமதிக்கவா" என்று விண்டோஸ் கேட்கும் யுஏசி பெட்டி தடுக்காதா என்று கேட்பார்கள். அட்மின் கணக்கில் அதைத் தாண்டப் பல வழிகள் உண்டு. அதைப் பாதுகாப்பு எல்லையாகக் கருதுவதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் ஃபிஷிங் மெயில் (ஏமாற்று மெயில்) திறக்கப்பட்டது. அப்டேட் செய்யாத சர்வர் வழியாக நவம்பரில் முழு நெட்வொர்க்கின் அட்மின் உரிமையும் திருடர் கைக்குப் போனது. டிசம்பர் 23 அன்று 267 சர்வர்கள் பூட்டப்பட்டன. அவற்றைத் திறக்கப் பல்கலைக்கழகம் 30 பிட்காயின் மீட்புத்தொகை கொடுத்தது. உள்ளே வந்தவர்கள் இரண்டு மாதமாகத் தேடியது அந்த உரிமையைத்தான். நாமே அதைத் தினசரி லாகினில் வைத்தால் அவர்கள் வேலையில் பாதி குறைந்துவிடும்.

உண்மையில் பலருக்கு அட்மினே தேவையில்லை. பைத்தான் தொகுப்பான அனகோண்டாவை நிறுவும்போது "ஜஸ்ட் மீ" தேர்ந்தெடுத்தால் போதும். ஆர் மொழி, பேக்கேஜ்களுக்குத் தனி லைப்ரரி உருவாக்கவா என்று தானே கேட்கும். நிரல் எழுதும் விஎஸ் கோடுக்கு, அட்மின் கேட்காத யூசர் இன்ஸ்டாலரே இருக்கிறது.

சிக்கல் ஆய்வகக் கருவிகளில்தான். ஸ்பெக்ட்ரோமீட்டரோடு வரும் பழைய மென்பொருள், அமைப்புகளை புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதப் பார்க்கும். சாதாரண கணக்கில் திறந்ததும் மூடிக்கொள்ளும். உடனே "ரன் ஆஸ் அட்மின்" என்று பழக்கிவிடுகிறார்கள். அதற்கு முன், மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓட விட்டு, ரிசல்ட் பகுதியில் "ஆக்ஸஸ் டினைட்" என்று வடிகட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஃபோல்டர், ஒன்றிரண்டு ரெஜிஸ்ட்ரி கீ (விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) மட்டும்தான் சிக்கும். அந்த ஆய்வகத்தின் குழுவுக்கு அங்கே மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். மென்பொருளை ஓட்டும் இஎக்ஸ்இ கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பையே மாற்றி வைக்கலாம்.

இதற்குப் பிறகும் தேவைப்படுபவருக்கு இரண்டாவது கணக்கு. மெயில்பாக்ஸ் கிடையாது, அவருடைய ஒரு கணினியில் மட்டும் அட்மின், காலாவதித் தேதி கட்டாயம். இன்ஸ்டால் செய்யும்போது யுஏசி பெட்டியில் அந்தப் பெயரும் பாஸ்வேர்டும் தட்டினால் முடிந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யாரையாவது சேர்த்தால் செக்யூரிட்டி லாகில் 4732 என்ற ஈவென்ட் விழும். அதற்கு அலர்ட் வையுங்கள்.

ஒரே இமேஜில் (நகலெடுத்த ஒரே விண்டோஸ் பதிப்பு) போட்ட 40 ஆய்வகக் கணினிகளில் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு இருந்தால், ஒன்று போனால் நாற்பதும் போகும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைத் தானே மாற்றும் லேப்ஸ் (LAPS) வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. கணினிக்கு ஒரு பாஸ்வேர்டு, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாறும். களப்பணியில் இருக்கும் ஆய்வாளர் அவசரமாகக் கூப்பிட்டால், ஹெல்ப் டெஸ்க் அந்த பாஸ்வேர்டை போனிலேயே படித்துச் சொல்லலாம். பயன்படுத்திய பிறகு அதை மாற்றிவிடும் அமைப்பும் அதிலேயே இருக்கிறது.