பந்திக்கு முன்னால் சோப்பு எங்கே?

நம்ம பக்கத்துக் கல்யாண மண்டபம் எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள், அவிநாசியோ காங்கேயமோ கோபியோ. கை கழுவுகிற இடம் பெரும்பாலும் பந்தி முடிந்து வெளியே வரும் வழியில்தான் இருக்கும். குழாய் வரிசை, கண்ணாடி, லிக்விட் பாட்டில், டிஷ்யூ எல்லாம் அங்கே. உள்ளே நுழைகிற பக்கம் ஒன்றுமே இருக்காது. பைக் சாவி, செல்போன், மொய்க் கவர், நாற்பது பேரிடம் கை கொடுத்தது எல்லாம் முடித்த அதே கையோடு இலையில் உட்காருகிறோம். இலைக்குத் தெளிக்கிற தண்ணீரில் விரல் நுனி நனைந்தால் அதுதான் கழுவல். சாப்பிட்ட பிறகு மட்டும் நெய்ப் பிசுக்கும் வாசமும் போக ரெண்டு தடவை சோப்புப் போடுகிறோம்.

வீட்டிலும் அப்படித்தான். ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் முதலில் வட்டல் வைப்போம், சோப்பு பின்பக்கப் பொடக்காளியிலேயே கிடக்கும். கொரோனாவுக்குப் பிறகு கை கழுவத் தெரியாதவர் யாரும் இல்லை. அறிவுரை போதும். சோப்பும் குழாயும் சாப்பாட்டுக்கு முன்னால் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி.

சாப்பிட்ட பின் கழுவினால் கை சுத்தமாகும், வயிற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. டைபாய்டும் மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ வகையும் பேதியும் கை வழியாக வாய்க்குள் போகிறவை. ஒரு கிராம் மலத்தில் லட்சம் கோடி கிருமிகள் வரை இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே போதும். ஹெபடைடிஸ் ஏ தொற்றியவருக்குக் கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே மலத்தில் வைரஸ் வெளியேறும். ஆள் தெம்பாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பார். அதனால் சமையல்காரரும் பரிமாறுகிறவரும் கழிப்பறை போய்வந்து கழுவுவது, விருந்தாளி கழுவுவதைவிட முக்கியம்.

கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வொன்று 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சோப்புக் கொடுத்து, கழுவச் சொல்லித் தொடர்ந்து ஊக்குவித்த வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பேதி 53 சதவீதமும், 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமோனியா 50 சதவீதமும் குறைந்திருந்தது. சாதா சோப்புக்கும் கிருமிநாசினி சோப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. விளம்பரத்தை நம்பி கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

சோப்பு கிருமியைக் கொல்வதைவிட, பிசுக்கோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் விடுகிறது. அதற்கு உரசல் வேண்டும், 20 விநாடியாவது வேண்டும். உள்ளங்கையை எல்லோரும் தேய்க்கிறார்கள். விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனியும். கட்டைவிரலை மறு கையால் பிடித்துத் திருகித் தேயுங்கள், நகங்களை உள்ளங்கையில் சுரண்டுங்கள். வெந்நீர் வேண்டாம். தேய்க்கும்போது குழாயை மூடினால் ஒரு சொம்புத் தண்ணீரே தாராளம். ஈரக்கையில் கிருமி சுலபமாக ஒட்டிப் பரவும் என்பதால் துடைப்பதும் சேர்ந்ததுதான் கழுவல். பேக்கரிகளில் ஆணியில் தொங்குகிற துண்டுக்கு, கையை உதறிக் காற்றில் காய விடுவது எவ்வளவோ மேல்.

ஆயிரம் அடி போர்த் தண்ணீரில் ஒரு சிக்கல் உண்டு. சிறுவாணித் தண்ணீரில் ரெண்டு தேய்ப்பில் நுரைக்கிற சோப்பு, உப்புத் தண்ணியில் திரிதிரியாக வெள்ளைப் பிசுக்காகிவிடும். வாளி ஓரத்தில் படிகிறதே, அதேதான். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் அழுக்குக்கு மிச்சம் இருப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாகப் போட்டு நுரை வரும்வரை தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் லிக்விட் ஹேண்ட்வாஷ். பெரும்பாலான லிக்விடுகள் டிடர்ஜென்ட் வகை, உப்புத் தண்ணியிலும் நுரைக்கும்.

ஆனால் அந்த லிக்விட் பாட்டிலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அமுக்கினால் ரோஸ் கலர் தண்ணீர் சொட்டும், பம்ப் கழுத்தில் கருப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். தீரத் தீரத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பதன் பலன் இது. தண்ணீர் சேரச் சேர, கெடாமல் இருக்கப் போட்ட மருந்தும் நீர்த்துப்போகிறது. சோப்புப் பாட்டிலுக்குள்ளேயே கிருமி வளரும், கழுவுகிறவர் கையில் ஏறும். காலியான பின் பாட்டிலையும் பம்பையும் கழுவிக் காயவைத்து, புதிதாக நிரப்ப வேண்டும். மிச்சத்தின் மேல் ஊற்றக் கூடாது. அதற்கு நேரமில்லை என்கிற கடைக்காரர், ஓட்டை போட்ட டப்பாவில் ஒரு கட்டி சோப்பு வைத்தால் போதும்.

சானிடைசர் பையில் இருக்கட்டும், 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் பஸ்ஸில் உதவும். ஆனால் வாந்திபேதி வரவைக்கிற நோரோ வைரஸ், குடற்புழு முட்டை இவற்றிடம் அதன் பாச்சா பலிக்காது. மண்ணோ எண்ணெயோ படிந்த கையிலும் வேலை செய்யாது. பண்டம்பாடி (ஆடுமாடு) பார்த்த கைக்கும் பச்சை முட்டை எடுத்த கைக்கும் சோப்புதான்.

லேத் பட்டறைக்காரர்கள் கிரீஸ் போக மண்ணெண்ணெயும் சலவைப் பவுடரும் போட்டுத் தேய்க்கிறார்கள். கிரீஸ் போகும், தோலும் வெடிக்கும். அந்த வெடிப்பில் சேர்கிற அழுக்கு அப்புறம் எதற்கும் போகாது. முதலில் அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கிரீஸை இளக்கி, துணியில் துடைத்துவிட்டு சோப்புப் போடலாம்.

பள்ளிக்கூடத்தில் சோப்பு காணாமல் போகிறது என்பது நியாயமான புகார்தான். பழைய வெங்காய வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டிவிடுங்கள். வலையோடு தேய்த்தால் நுரையும் சீக்கிரம் வரும். 120 பிள்ளைகளுக்கு நாலு குழாய் என்றால் ஒரு குழாய்க்கு முப்பது பேர். ஆளுக்கு அரை நிமிஷம் வைத்தாலும் 15 நிமிஷம் ஆகும். மணியடித்ததும் எல்லோரையும் ஒன்றாக விட்டால் தட்டை மட்டும் அலசிவிட்டு வரிசையில் நிற்பார்கள். வகுப்பு வகுப்பாகக் கால் மணி நேரம் முன்னால் அனுப்ப வேண்டும், சின்ன வகுப்பு முதலில்.