கை காயவில்லை என்றால் அது ஹேண்ட் டிரையரே இல்லை

ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், குரூப்பில் வீடியோவும் வந்துவிட்டது, அதனால் அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நம்ம கல்யாண மண்டபத்துக் கழிப்பறையில் ஈரத் தரையில் வழுக்கி அத்தை விழுந்துவிட்டார். அத்தைக்கு எலும்பு முறிவு இல்லை, வீக்கம்தான், கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். விசாரித்த எல்லாருக்கும் நன்றி. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு குரூப்பில் நடந்த பேச்சைப் பற்றி. “காயில் கட்றவனுக்கு பாத்ரூம பத்தி இன்னா தெரியும்” என்று ஒருவர் போட்டார், அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். நான் மோட்டார் ரிப்பேர் கடை வைத்து காயில் கட்டுகிறவன், சிரித்ததில் ரெண்டு பேர் என் கடையில் மோட்டார் கொடுத்து வாங்கிப் போகிறவர்கள். சரி, இருக்கட்டும்.

மண்டபக் கழிப்பறையில் மாட்டியிருக்கும் ஹேண்ட் டிரையர், அதாவது கழுவிய கையில் காற்றடிக்கும் அந்த மெஷின், கையைக் காய வைக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான். விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது, சூடாகக் காற்று வருகிறது, ஆனால் கை காயவில்லை. செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், நாற்பது விநாடி ஆகியும் விரல் இடுக்கிலும் மோதிரத்துக்கு அடியிலும் ஈரம் அப்படியே இருந்தது. பந்தி முடிந்து ஒரே நேரத்தில் நூறு பேர் கை கழுவ வருகிற இடத்தில் யார் நாற்பது விநாடி நிற்பார்கள்? ஐந்து விநாடி காட்டுகிறார்கள், பின்னால் ஆள் நிற்கிறது, கையை உதறிக்கொண்டு நகர்கிறார்கள். உதறிய தண்ணீரெல்லாம் டைல்ஸ் தரையில். அந்தத் தரையில்தான் அத்தை விழுந்தார்.

நியூசிலாந்தில் 1997-இல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. பொதுக் கழிப்பறைகளில் காற்று மெஷின் முன்னால் மக்கள் உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அதில் பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் சராசரியாகச் சுமார் 17 விநாடி, பெண்கள் 13 விநாடி. அங்கேயே அவ்வளவுதான் என்றால், பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பேர் நிற்கும் நம் மண்டபத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? அந்த நேரத்துக்குள் காய வைக்காத மெஷின் சுவரில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான்.

மெஷின் வாங்கும் முன் நடந்த மண்டபக் கமிட்டி மீட்டிங்கில் இதைத்தான் சொன்னேன். அன்றைக்கு மேசையில் மூன்று கொட்டேஷன் இருந்தது. ஒன்று பழைய மாதிரி சூட்டுக் காற்று மெஷின், 2000 வாட், இருப்பதிலேயே விலை குறைவு. இன்னொன்று கையை உள்ளே விட்டு மேலே இழுக்கும் ஜெட் மாதிரி. மூன்றாவது, கீழே கையைக் காட்டினால் வேகமாக அடிக்கும் மாதிரி. விலையில் பல மடங்கு வித்தியாசம், அதை நான் மறைக்கவில்லை. தலைவர் பேப்பரைக்கூடப் புரட்டாமல், “இன்னாணா, ஈரத்த துடைக்க இம்மாங் காசா? எல்லாம் காத்துதானே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், விலை குறைந்ததையே வாங்கத் தீர்மானம் நிறைவேறியது.

எல்லாம் காற்று இல்லை. முப்பது வருடமாக மோட்டாரோடு இருக்கிறவன் சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள். சூட்டுக் காற்று மெஷினில் வேலை செய்வது ஹீட்டர் காயில், மோட்டார் சும்மா ஒரு சின்ன விசிறிதான். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் கையைக் காய வைக்க வேண்டும், ஆவியாவதற்கு நேரம் பிடிக்கும், அதை ஏமாற்ற வழி கிடையாது. ஜெட் மெஷினில் மோட்டார்தான் எல்லாம். மெல்லிய இடுக்கு வழியாகக் காற்றை மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது, அது தண்ணீரை ஆவியாக்குவதில்லை, கார் கண்ணாடியில் வைப்பர் தள்ளுவது மாதிரி தோலின் மேலிருந்து வழித்துத் தள்ளிவிடுகிறது. இந்த ஜெட் மாதிரியை முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக், 1993-இல். டைசன் கம்பெனியின் ஏர்பிளேடு மெஷின் வந்தது 2006-இல். அதில் ஹீட்டரே கிடையாது, 10, 12 விநாடியில் காயும் என்பது கம்பெனி கணக்கு. அமெரிக்காவின் எக்ஸ்லரேட்டர் மெஷின் கையைக் கீழே காட்டும் மாதிரி, அதில் ஹீட்டரை வேண்டுமென்றால் அணைத்துவிடலாம், அணைத்தால் 1500 வாட் கிட்டத்தட்ட 500-க்கு இறங்கிவிடும்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பேசியவர்களுக்கு ஒரு கணக்கு. 2000 வாட் மெஷின் 40 விநாடி ஓடினால் ஆயிரம் பேருக்கு 22 யூனிட். 1600 வாட் ஜெட் 12 விநாடி ஓடினால் ஆயிரம் பேருக்கு ஐந்தேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். டைசனில் பிறகு வந்த ஒரு மாடல் 900 வாட், 10 விநாடி, அதில் ஆயிரம் பேருக்கு இரண்டரை யூனிட். வாட் பெரிதாக இருப்பதைப் பார்க்கிறோம், எத்தனை விநாடி ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

இதில் நம்ம ஊர் சங்கதி ஒன்றும் இருக்கிறது. முகூர்த்த நாள் சாயங்காலம், எல்லா ஏசியும் சீரியல் லைட்டும் ஓடும்போது மண்டபத்தில் வோல்டேஜ் எவ்வளவு வரும் என்று யாராவது பார்த்ததுண்டா? 190-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். அதாவது கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் அந்த மெஷின் வெதுவெதுப்பாக ஊதிக்கொண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான்.

பெங்களூரு ஏர்போர்ட்டில் ஒருமுறை ஜெட் மெஷினில் கையை விட்டேன், தம்பியை அனுப்பப் போனபோது. வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போய் நின்று பார்த்தேன். உள்ளங்கைச் சதை காற்றில் சின்னச் சின்ன அலையாக நெளிகிறது, மணிக்கட்டில் இருந்த தண்ணீர் ஒரு கோடாகச் சேர்ந்து விரல் நுனிக்கு இறங்கி உதிர்கிறது. கையை மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டு வெடுக்கென்று எடுத்தால் காயாது. மோட்டார் சத்தத்தைக் கேட்டாலே கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் உரசி உரசித் தேயும் துண்டு) இல்லாத ஜாதி என்று தெரிந்துவிட்டது. பிரஷ் வைத்த மோட்டார் என்றால் நம் மண்டபத்துக் கூட்டத்துக்கு அடிக்கடி பிரஷ் மாற்ற வேண்டிவரும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான், கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

ஏன் எனக்கு இந்த ஈரக் கை விஷயத்தில் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு. எங்கள் நைனா படுக்கையாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். சளி உறிஞ்சும் குழாயைத் தொடும் முன்னால் கை கழுவச் சொல்லிக் கொடுத்த சிஸ்டர், நான் கழுவிவிட்டு லுங்கியில் துடைக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். “அண்ணா, கழுவினது பாதிதான், காயணும், ஈரக் கையில எல்லாம் ஒட்டும்” என்று சொல்லிக் காகிதத்தை உருவிக் கொடுத்தார். ஈரக் கையில் இருந்து கிருமி மற்ற இடங்களுக்குப் போவது காய்ந்த கையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் அந்த நியூசிலாந்து ஆராய்ச்சியில் வந்ததுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நைனா போய்விட்டார். அந்தப் பெண் சொன்னது போகவில்லை.

இனி கமெண்டுகளுக்கு வருகிறேன்.

“வேலூர் வெயிலுக்கு கை தானா காயும்.” காயும், கோட்டை மைதானத்தில் நின்றால் காயும். மண்டபத்தின் கழிப்பறை கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாமல் இருக்கிறது. சித்திரை மாதத்தில்கூட அந்தச் சுவர் பிசுபிசு என்றுதான் இருக்கும்.

“கர்ச்சீப் எதுக்கு இருக்கு.” பந்தியில் பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிட்டு எழுந்தவரின் கர்ச்சீப் அடுத்த அரை மணியில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வாஷ் பேசின் பக்கத்து ஆணியில் தொங்கும் பொதுத் துண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், காலையில் வெள்ளையாக மாட்டியது மதியம் மஞ்சளாக இருக்கிறது.

“டிஷ்யூ வெச்சா போச்சு.” இது நியாயமான பேச்சு. சுகாதாரத்தில் காகிதம்தான் மேல் என்று 2012-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியின் மருத்துவ இதழில் வந்த தொகுப்புக் கட்டுரையே சொல்கிறது. ஆஸ்பத்திரிக்கு அதுதான் சரி, நானே பார்த்தேன். ஆனால் ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் கூடை நிரம்பி, காகிதம் கம்மோடுக்குள் போய், அடைப்பு எடுக்கக் கையை விடுவது யார்? அதைச் சொல்பவர் விடப் போவதில்லை.

“ஜெட் மெஷின் கிருமிய பரப்புது, கூகுள் பண்ணி பாரு.” பார்த்தேன் தம்பி, உனக்கு முன்னாலேயே பார்த்தேன். 2014-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் செய்த சோதனையில், ஜெட் மெஷின் பக்கத்துக் காற்றில் கிருமி, காகிதம் இருந்த இடத்தைவிட 27 மடங்கு. உண்மைதான். அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது டிஷ்யூ காகிதக் கம்பெனிகளின் ஐரோப்பிய அமைப்பு, அதுவும் உண்மைதான். கையில் வேண்டுமென்றே பாக்டீரியாவைப் பூசிக்கொண்டு, கழுவாமல் செய்தார்கள், அதுவும் உண்மைதான். இந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை, ஜெட் மெஷின்தான் சூழலுக்கு நல்லது என்று 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வந்த கணக்குக்குப் பணம் டைசனுடையது. 2018-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் செய்த ஆராய்ச்சி எனக்குப் பயனுள்ளதாகப் பட்டது. மெஷின் கழிப்பறைக் காற்றையே இழுத்துக் கையில் அடிக்கிறது, நல்ல ஹெப்பா ஃபில்டர் (கிருமியளவு நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஃபில்டர்) மாட்டினால் கிருமி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது, முழுசாகப் போவதில்லை. அதனால் ஃபில்டர் உள்ளதை வாங்கு, மெஷினைக் கம்மோடு பக்கத்தில் மாட்டாமல் கை கழுவும் இடத்தில் மாட்டு, சோப்பு வை. இதற்காக ஈரக் கையோடு அனுப்பு என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என்னை மடக்கிவிட்டதாக நினைத்தவர், இப்போது மாட்டியிருக்கும் மெஷினிலும் ஃபில்டர் இல்லை என்பதை ஏன் சொல்லவில்லை?

சத்தம் என்றார் ஒரு அக்கா. அது சரியான கவலை, ஒத்துக்கொள்கிறேன். கனடாவில் ஒரு பள்ளிச் சிறுமி பல கழிப்பறைகளில் அளந்து பார்த்து 2019-இல் மருத்துவ இதழிலேயே வெளியிட்டாள். குழந்தைகளின் காது உயரத்தில் சில மெஷின்கள் 100 டெசிபலைத் தாண்டுகின்றன. நம் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் என்பது உண்மை. வாங்கும் முன் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம், ஒரு இடத்தில் குழந்தைகளுக்குக் காகிதமும் வைக்கலாம். அக்கா அதைக் கேட்டது போல மற்றவர்களும் கேட்டிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

கையை உள்ளே விடும் மாதிரியில் தண்ணீர் அடியில் உள்ள தொட்டியில் சேரும், தினமும் கொட்டிக் கழுவவில்லை என்றால் நாறும். நம்ம ஊர் போர் தண்ணீருக்கு இடுக்கில் உப்பும் படியும். கீழே காட்டும் மாதிரியில் தண்ணீர் சுவரிலும் தரையிலும் தெறிக்கும், கீழே தட்டு வைக்க வேண்டும். எதை வாங்கினாலும் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றித்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை விழுந்த அரை மணி நேரத்தில் கமிட்டி கண்டுபிடித்த குற்றவாளி, தரை துடைக்கும் அக்கா. “ஒழுங்கா தொடைக்கல, அடுத்த முகூர்த்தத்துக்கு வராத” என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பினார்கள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டுக்கும் அவர் ஒருவர்தான். ஒரு பக்கம் துடைத்து முடித்து மாப்பைப் பிழிவதற்குள் மறுபக்கம் நூறு கை உதறியிருக்கும். நான் கழிப்பறை வாசலில் நின்று பார்த்தேன், அவர் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்திருந்தது. காய வைக்க வேண்டிய மெஷின் காய வைக்கவில்லை, அதன் வேலையையும் சேர்த்து அந்த அக்கா செய்தார், கடைசியில் மெஷின் சுவரில் இருக்கிறது, அவரை அனுப்பியாகிவிட்டது. குரூப்பில் இவ்வளவு பேர் பேசினீர்களே, ஒருவராவது அவரைப் பற்றி ஒரு வார்த்தை போட்டீர்களா?

காசு இல்லை என்றும் சொல்லாதீர்கள். முகப்பு ஆர்ச்சுக்குப் புதுப் பெயின்ட், மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர், தலைவர் பெயர் போட்ட கிரானைட் கல்வெட்டு, எல்லாம் இந்த வருடத்துச் செலவு. அவை ஒன்றைக்கூட யாரும் விலை கேட்டுச் சிரிக்கவில்லை. படம் எடுக்கும் இடத்தில் காசு இருக்கிறது, பாட்டி கை கழுவும் இடத்தில் மட்டும் “எல்லாம் காத்துதானே”. நானும் அந்த மண்டபத்துக்கு நன்கொடை கொடுத்தவன், என் தங்கச்சி கல்யாணம் அங்கேதான் நடந்தது, அந்த உரிமையில்தான் பேசுகிறேன். என்னை ஏதோ மெஷின் கம்பெனியில் கமிஷன் வாங்குகிறவன் மாதிரி ஒருவர் எழுதியிருந்தது நெஞ்சில் குத்தியது. எந்தக் கம்பெனியிடமும் எனக்கு ஒரு ரூபாய் வேலை கிடையாது, டிரையர் மோட்டார் இதுவரை என் கடைக்கு வந்ததே இல்லை.

மாதக் கடைசி ஞாயிறு மீட்டிங் இருக்கிறது. ஜெட் மாதிரி ஒன்றை டெமோவுக்குக் கொண்டுவரச் சொல்லி டீலரிடம் பேசிவிட்டேன். தலைவர் கையை நனைத்துக்கொண்டு முதலில் இப்போதுள்ள மெஷினில் காட்டட்டும், பிறகு அதில் காட்டட்டும், செல்போனில் நேரம் பார்ப்போம். விலை ஒத்துவரவில்லை என்றால் நடு விலையில் உள்ளதைப் பாருங்கள், பிரஷ் இல்லாத மோட்டாரா, ஃபில்டர் உண்டா, எத்தனை விநாடி, எவ்வளவு சத்தம், இந்த நாலை மட்டும் கேட்டு வாங்குங்கள், இன்ஸ்டாலேஷன் வேலையை நான் கூலி வாங்காமல் செய்து தருகிறேன். அதற்கு முன்னால், அடுத்த புதன்கிழமை முகூர்த்தத்துக்கு அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள், கூட இன்னொரு ஆளும் போடுங்கள். கூப்பிட்டீர்களா இல்லையா என்று இங்கேயே, இந்தப் பதிவுக்குக் கீழேயே பதில் போடுங்கள் தலைவரே.