ஊசி போட்டுப் பன்றியைக் கொன்னுட்டாங்களாம்!

அந்த வீடியோவை இன்னும் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்தாயிற்று. "வியட்நாம்ல ஊசி போட்ட பன்னியெல்லாம் செத்துச்சு, எல்லாம் பிசினஸ்" என்கிறார் வீடியோவில் பேசும் அண்ணன்.

செத்தது உண்மை. பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசிக்கு அங்கே 2022 ஜூனில் அனுமதி கொடுத்தார்கள், ஆகஸ்டில் நிறுத்தினார்கள். எந்தப் பன்றிக்குப் போட்டார்கள் என்பதை மட்டும் அண்ணன் சொல்லவில்லை. அது 8 முதல் 10 வார வயதுள்ள, நோயில்லாத கறிப்பன்றிக்கான ஊசி. ஃபூ யென் மாகாணத்தில் அனுமதியில்லாத பன்றிகளுக்கும் போட்டுவிட்டார்கள் என்பது அந்நாட்டுக் கால்நடைத் துறையின் விளக்கம். மறுபடி சோதித்து 2023 ஜூலையில் நாடு முழுக்க அனுமதித்ததும் வீடியோவில் இல்லை.

"செத்த வைரஸை வைத்து ஊசி செய்யலாமே?" செய்து பார்த்தாயிற்று சார், காப்பாற்றவில்லை. 150க்கு மேல் மரபணு உள்ள வைரஸ் இது. கிருமியை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ஆன்டிபாடி மட்டும் போதாது. அதனால்தான் அமெரிக்காவின் பிளம் ஐலண்ட் ஆய்வகத்தில் ஐ177எல் என்ற ஒரே மரபணுவை நீக்கி, உயிருள்ள வைரஸையே ஊசியாக்கினார்கள். வியட்நாமில் போட்டது அதுதான்.

உயிருள்ள ஊசி. மறுபடி சொல்கிறேன், உயிருள்ள ஊசி. யாருக்கு, எப்போது என்பதுதான் எல்லாம். எதிர்ப்பு சக்தி வர வாரக்கணக்காகும். ஏற்கனவே நோய் தொற்றிய பன்றிக்குப் போட்டால் அது ஒரு வாரம், பத்து நாளில் சாகும், பழி ஊசிமேல் விழும். எதனால் செத்தது என்று பிசிஆரில் பார்க்கலாம்: பி72 (இந்த வைரஸ் எதிலும் இருக்கும் மரபணு அடையாளம்) பாசிட்டிவ், ஐ177எல் நெகட்டிவ் என்றால் உள்ளே இருப்பது ஊசி வைரஸ். இரண்டுமே பாசிட்டிவ் என்றால் பண்ணைக்குள் நோய் புகுந்துவிட்டது. வீடியோ எடுத்தவர் இதைக் கேட்டாரா?

"போர்ச்சுகல்?" என்பார்கள். ஆமாம், 1960களில் அங்கே உயிருள்ள ஊசி போட்டு மூட்டு வீக்கம், நிமோனியா என்று ஏகப்பட்ட பன்றிகள் நோயில் விழுந்தன. அது செல் வளர்ப்பில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்த காலம். இன்று எந்த மரபணுவை எடுத்தோம் என்று தெரிந்து எடுக்கிறோம். வீரியம் திரும்புமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஊசி வைரஸைப் பன்றிக்குப் பன்றி மாற்றி மாற்றிக் கடத்திச் சோதிப்பதே அதற்காகத்தான். உண்மையான சிக்கல் வேறு: சீனாவிலும் வியட்நாமிலும் இந்த வைரஸின் மரபணு வகை 1, வகை 2 இரண்டும் கலந்த புது வைரஸ் வந்துவிட்டது. வகை 2ஐ வைத்துச் செய்த இந்த ஊசி அதனிடம் தடுமாறுகிறது. அண்ணன் கேட்டிருக்க வேண்டியது இது.

இவ்வளவு எழுதினால் நான் கம்பெனிக் கைக்கூலியாம். இருக்கட்டும். இதே நோய்க்காக 2020ல் அசாமில், 2022ல் வயநாட்டில் கூட்டம் கூட்டமாகப் பன்றிகளைக் கொன்று புதைத்தபோது இந்த அக்கறைசாலிகள் எங்கே போனார்கள்? மாட்டுக் கோமாரிக்கு அரசே வீடு தேடி வந்து ஊசி போடுகிறது. பன்றி வளர்ப்பவன் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்கள். செத்தால் மட்டும் வீடியோ எடுக்கிறீர்கள்.