கவுன்சிலர் இல்லாத அந்த ஐந்து வருஷம்

2017 மழையில் வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மூன்று நாளாகியும் வடியவில்லை. அம்மா பழைய கவுன்சிலர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். "நான் இப்ப கவுன்சிலரே இல்லம்மா, இன்னா பண்ணச் சொல்ற?" என்றாராம்.

அவர் மேல் தப்பே இல்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அப்போது நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு என்று இழுத்து இழுத்து, நாங்கள் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19 அன்று.

அதிகாரப் பிரிவினை, அதாவது எல்லா அதிகாரமும் ஒரே கையில் சேராமல் பிரித்து வைப்பது என்றால் நாம் ஆளுநர், நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். எனக்கு அது புரிந்தது சென்னை மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையை வைத்து. மாநகராட்சி பட்ஜெட்டை மன்றம் விவாதித்து ஒப்புதல் தர வேண்டும், ஆணையர் அதை நிறைவேற்ற வேண்டும். "என் வார்டுல கால்வாய் தூர் வாரினீங்களா?" என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்கலாம். மன்றம் இல்லாத அந்த வருஷங்களில் ஆணையரே தனி அலுவலர். திட்டம் போடுவது, ஒப்புதல் கொடுப்பது, செலவழிப்பது எல்லாம் ஒரே நாற்காலியில். உட்கார்ந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எதிரே நின்று கேள்வி கேட்க ஆள் கிடையாது.

இது முதல் தடவையும் இல்லை. 1973இல் கலைத்த மன்றம் 1996இல்தான் திரும்ப வந்தது. அன்றைக்கு அரசமைப்புச் சட்டத்தில் நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கும் பிரிவு இல்லை. 1993 ஜூன் 1 முதல் 74ஆவது திருத்தம் இருக்கிறது. மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று 243யூ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பிறகும்தான் எங்களுக்கு இந்தக் கதி.

இதைவிட என்னை வருத்துவது அதே சட்டத்தின் 243டபிள்யூ பிரிவு. அதன் பன்னிரண்டாம் அட்டவணையில் குடிநீர், சாலை, துப்புரவு, தீயணைப்பு என்று 18 பொறுப்புகள் இருக்கின்றன. இவற்றை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளுக்குக் கொடுக்க'லாம்'. தேர்தலுக்கு 'வேண்டும்', அதிகாரத்துக்கு 'லாம்'. சென்னையில் குடிநீருக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் கீழ் தனி வாரியம். குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போவது என்னவோ கவுன்சிலர் வீட்டுக்கு.

டெல்லியிடம் மாநில உரிமை கேட்கும்போது நான் முழு மனதோடு கூட நிற்கிறேன். அதே நியாயம் மாநில அரசு இருக்கும் கோட்டையிலிருந்து ரிப்பன் மாளிகைக்கும் வர வேண்டாமா? எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கேட்பேன்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. வார்டு எல்லையோ இடஒதுக்கீடோ, எந்த வேலை பாக்கி இருந்தாலும் அதற்கு முன்பே முடித்து, தேர்தல் தேதியைச் சொல்லுங்கள்.