கறுப்பினத்தவருக்கு நீச்சல் வராதா? எலும்பின் மேல் பழி போடாதீர்கள்

‘கறுப்பினத்தவரின் எலும்பு கனமானது, அதனால் அவர்கள் தண்ணீரில் மிதக்க மாட்டார்கள்’ என்று அமெரிக்காவைப் பற்றிச் சுற்றிவரும் செய்தி தவறு. எலும்பு அடர்த்தியில் சராசரியாக உள்ள சிறு வேறுபாடு யாரையும் மூழ்கடிப்பதில்லை. மிதப்பைப் பெரிதும் தீர்மானிப்பது நுரையீரலில் உள்ள காற்று. பயந்த பிள்ளை மூச்சை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கும். உடனே கால் கீழே இறங்கும். மூச்சை நிறைய இழுத்து, காது நனையத் தலையைச் சாய்த்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் இடுப்பு மேலே வரும். எந்த நிறத்துப் பிள்ளைக்கும் இதுதான் முதல் பாடம்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பலர் நீந்தக் கற்காததற்கு உண்மைக் காரணம், பூட்டப்பட்ட நீச்சல் குளங்கள். பல நகரங்கள் கறுப்பினத்தவரைப் பொதுக் குளங்களில் விடவில்லை. சில நகரங்கள் அவர்களைச் சேர்ப்பதைவிடக் குளத்தையே மூடின. 1964இல் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் போராட்டக்காரர்கள் இறங்கிய விடுதிக் குளத்தில் விடுதிக்காரர் அமிலம் ஊற்றினார். நீந்தத் தெரியாத பெற்றோரின் அச்சம் பிள்ளைக்கும் போகிறது. அமெரிக்கக் கறுப்பின வீராங்கனை சிமோன் மானுவல் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்றது எந்த எலும்போடு?

பிள்ளை தேறியதா என்று பார்க்க அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தலைக்கு மேலான ஆழத்தில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, முழுச் சுற்றுத் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுகொள்வது, 25 கஜம் நீந்துவது, ஏணியில்லாமல் ஏறுவது. ஒன்று விட்டுப்போனாலும் பயிற்சி முடியவில்லை.